நவோ அழும் இடம்

நண்டு பேச ஆரம்பித்த அன்றைக்கே இந்தத் தொடர் நாசமாய்ப் போய்விட்டது. அதுவரை என்ன அழகாய் இருந்தது. ஒரு கடலோர ஊர், அணைந்துபோன கலங்கரை விளக்கு, அதற்கு நெருப்புத் தேடிக் கடலுக்கடியில் போய்த் திரும்பாத அண்ணன் இசாமு, அவனைத் தேடித் தகரப் படகில் கிளம்புகிற பொடியன் நவோ. ஜப்பான்காரன் வரைந்த தண்ணீரைப் பார்த்தால் கால் நனைகிற மாதிரி இருக்கும். பிறகு எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, நடுவில் ஒரு சிவப்பு நண்டைக் கொண்டுவந்து, அதற்குத் தொப்பி மாட்டி, ஜோக்கடிக்க விட்டு, கடையில் பொம்மையாகவும் விற்றிருக்கிறார்கள். பொம்மை விற்கத்தான் நண்டு, கதைக்காக இல்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம். சொன்னால் யார் கேட்டார்கள். காலையில் வீட்டுக்காரர் தயாளன் ஆபீசுக்குக் கிளம்பியதிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று, துவைத்த துணி சோபாவில் மலையாய்க் கிடக்கிறது, மேலே ஃபேன் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு டக்டக்கென்று சுற்றுகிறது. நண்டு இப்போது போன எபிசோடில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறது. நவோ அதற்கு 'அப்படியா?' என்கிறான். கதை தெரியாதவன் மாதிரி என்ன ஒரு அப்படியா. போன எபிசோடிலும் நீதானேடா அங்கே நின்றாய். அந்த 'அப்படியா' நவோவுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற ஃபிலோமினாவுடையது. நான் சொல்லியிருந்தால் ஒரு அரை மூச்சு இழுத்துவிட்டுச் சொல்லியிருப்பேன். பையன்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பாதித் தொடர்வரை நவோ நான்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்துக்கொண்டு பத்து வயதுப் பையனாய்ப் பேசினேன் என்றால். ஆனால் டப்பிங்கில் பொடிப்பையன் குரல் என்றால் பொம்பளைதான். நிஜப் பையனைக் கொண்டுவந்தால் பாதியில் தொண்டை உடைந்து ஆம்பளையாகிவிடுவான். சாலிகிராமத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மாடியில் ஸ்டுடியோ. பரசுராமன் சார் ஒரே ஆள், அவரே ஒலிப்பதிவு, அவரே டைரக்‌ஷன், அவரே டீ வாங்கப் போவார். அங்கே ஏசி பழசு, ஓடினால் மைக்கில் உறுமும். அதனால் டேக் என்றால் ஏசியை நிறுத்திவிடுவார். ஏசி நின்றால் பேசணும், ஓடினால் மூச்சு விட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் எங்களுக்குச் சட்டம். இன்றைக்கும் கரண்ட் போய் ஃபேன் நின்றால் என்னையறியாமல் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன், தயாளன் பார்த்துச் சிரிப்பார். ஜப்பானிலிருந்து படமும் பாட்டும் வரும், அலை, காற்று, காலடிச் சத்தம் எல்லாம் தனியாய் வந்துவிடும், குரல் மட்டும் எங்கள் வேலை. குரல் என்றால் வசனம் மட்டும் இல்லை. ஓடினால் இரைப்பு, விழுந்தால் முனகல், அழுதால் அழுகை, அத்தனையும் நாங்கள்தான். திரையில் வாய் அசைந்து இங்கே சத்தம் வராமல் போனால் அதற்கு மிஸ் என்று பெயர். ஒரு மிஸ் விழுந்தால் சார் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைப்பார், வாயைத் திறக்க மாட்டார், அதற்குத் திட்டே தேவலை.

மிச்சப் பாதியை நான் பார்த்ததே இல்லை. டிவியில் ஒரே ஒருமுறைதான் ஓடியது, அந்த மாதங்களில் சாயங்காலமானால் டிவி பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவேன். பிறகு அது எங்கேயும் கிடைக்கவில்லை, எனக்கும் நிம்மதியாய்ப் போயிற்று. இப்போது யாரோ ஒரு வேலையற்றவன், அந்தக் காலத்தில் டிவியிலிருந்து பதிவு பண்ணி வைத்திருந்ததை இணையத்தில் ஏற்றியிருக்கிறான். நேற்று ஃபிலோமினாவிடமிருந்து லிங்க் வந்தது. எத்தனையோ வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணம் காரியம் எதிலாவது பார்த்தால் நான் வேறு பக்கம் போய் நின்றுகொள்வேன், திடீரென்று ஒரு லிங்க். கீழே ஒரே வரி. கடைசி வரைக்கும் பாரு மங்கை, பாத்துட்டு ஒரு போன் பண்ணு. ஒரு சாரி இல்லை, எப்படி இருக்கே இல்லை. இதில் என்ன விஷயம் இருக்கும் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். பெருமையடிக்கக் கூப்பிடுகிறாளா, உன் பையனை எப்படி முடித்துக்கொடுத்தேன் பார் என்று. இல்லை மனசு உறுத்தி ஒப்புக்கொள்ளப் போகிறாளா. ஒப்புக்கொண்டால் மட்டும் ஆயிற்றா. தயாளனிடம் காட்டினால் அவர், சாம்பார்ல உப்பு குறைஞ்சாலும் நீ ஃபிலோவத்தான் சந்தேகப்படுவே என்கிறார். அவருக்கு என்ன தெரியும். அவர் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார், குரல் பதிகிற பூத்துக்கு உள்ளே வரவில்லை.

நவோ இப்போது ஒரு குகைக்குள் ஓடுகிறான். ஓடுகிறான், ஓடுகிறான், அதே பாறை மூன்றாவது தடவை வருகிறது. படம் வரையக் காசில்லாமல் ஒரே பாறையைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறான், இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும். ஃபிலோ மட்டும் நன்றாக இரைக்கிறாள். நன்றாகத்தான் இரைக்கிறாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறேன், ஒவ்வொரு மூச்சாக. இது அவள். இது அவள். இதோ இந்த முனகல், இதுவும் அவள்தான், அவளுக்கு மூக்கில் லேசாக ஒட்டும். நான் காலையிலிருந்து கதையா பார்க்கிறேன், என் சத்தம் இதற்குள் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றல்லவா தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரிடம் சொன்னால் பைத்தியம் என்பார்கள். என் அழுகை ஒன்று அந்த ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்டது, அதைக் கடைசி எபிசோடில் எடுத்து வைத்துவிட்டார்கள், ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் பிஸ்கட் தின்றுகொண்டே அதைக் கேட்டன. இதுதான் என் சந்தேகம். இதை இத்தனை வருஷம் யாரிடமும் இப்படி முழுதாய்ச் சொன்னதில்லை, எனக்கே இப்போதுதான் முழுதாய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். படகுச் சண்டை எபிசோடு, ஒரே கத்தல். ஏசி நின்றிருந்தது, ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார், அவர் பக்கத்தில் ஃபிலோ. அவள் அப்போது நவோவின் அம்மா, அவளுடைய டர்னுக்காக முறுக்குத் தின்றுகொண்டு காத்திருந்தாள். நவோ தண்ணீரில் விழுகிற இடத்தில் எனக்கு இடுப்புக்குக் கீழே ஏதோ அறுந்தது. நான் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்குத் தெரியும், அது வரும்போதே நான் கேட்டேன், ஹெட்போன் காதிலேயே இருந்ததால் அது என் காதுக்கே திரும்பி வந்தது. இது யாரு இப்படி அழுவது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஃபிலோதான் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள், அவள்தான் ஹெட்போனைக் கழற்றினாள், முறுக்கு வாசனை அடிக்கிற கையால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே நான் பார்த்தது சிவப்பு விளக்கை. எரிந்துகொண்டிருந்தது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. பரசுராமன் சார் எதையும் அழிக்க மாட்டார், தும்மலைக்கூடச் சேர்த்து வைப்பார், என்றைக்காவது உதவும் என்பார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கத்தினதுனாலல்லாம் இப்படி ஆகாதும்மா என்று சொன்னார், நான் கேட்கும் முன்னாலேயே சொன்னார். கேட்கும் முன்னாலேயே ஏன் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு உறுத்தியது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தங்கவில்லை. நான் மைக் பக்கம் போகவும் இல்லை. அடுத்த வாரமே நவோ ஃபிலோமினாவுக்குப் போய்விட்டான், அடுத்த வாரமே. ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். சேனல் பொறுக்காது என்பார்கள், தெரியும், ஆனாலும் பொறுத்திருக்கலாம்.

அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு அவள் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். கதவு லென்ஸ் வழியே பார்த்தேன், மூக்கு பெரிதாய், கண் சின்னதாய், நல்லவர்கள்கூட அதில் திருடர்கள் மாதிரிதான் தெரிவார்கள். மங்கை, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றாள் கதவைப் பார்த்து. நான் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தொழிலாச்சே. ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கேக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதில் என்ன கலந்திருப்பாளோ என்று வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன், அவர் நன்றாகத்தான் இருந்தார், இன்னும் இருக்கிறதா மேடம் என்று கேட்டார். அப்புறம் வடபழனியில் ஒரு கல்யாணம். எங்களோடு கூட்டத்தில் குரல் கொடுக்கிற பொண்ணு ஒருத்தி பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி எபிசோடு அழுகை சீன் பாத்தீங்களாக்கா, பீல்டு முழுக்க அதே பேச்சு என்றாள். என் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று பாயசம் நல்லாருக்குக்கா என்றாள். பாயசம் நன்றாகவே இல்லை, தீய்ந்த வாசனை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகையை வைத்துவிட்டார்கள். சார் வைத்திருப்பார், ஃபிலோ வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள், நல்லா அழுதே என்று நாலு பேர் சொன்னால் தலையை வேறு ஆட்டியிருப்பாள்.

துணி பாதி மடித்தாகிவிட்டது. தயாளன் பனியனில் ஒரு ஓட்டை, புதிது வாங்கச் சொன்னால் கேட்பதில்லை. டிவியில் கடைசிக்கு முந்தின எபிசோடு, முக்கால்வாசி பழைய காட்சிகள். நவோ கடந்து வந்த பாதையை நினைத்துப் பார்க்கிறானாம். அதில் திடீரென்று என் குரல் வந்தது. 'அண்ணா, நான் வந்துட்டே இருக்கேன்' என்று பழைய எபிசோடிலிருந்து என் நவோ சொன்னான், கையில் இருந்த தலையணை உறை கீழே விழுந்துவிட்டது. எவ்வளவு தெளிவான குரல். அந்தக் குரல் எங்கே போயிற்று, இப்போது காய்கறிக்காரரைக் கூப்பிட்டால்கூடக் கேட்பதில்லை. அடுத்த காட்சியில் ஃபிலோவின் நவோ. அவள் என் மாதிரியே பேச முயன்றிருக்கிறாள் என்பது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்கும்போதுதான் தெரிகிறது. மூச்சு விடுகிற இடம்கூட நான் விடுகிற இடம். திருடியிருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, பையனுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள் என்றும் நினைத்தேன். இரண்டில் ஒன்றுதான் சரி, இரண்டாவதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. போனில் லிங்கைத் திறந்து கீழே பின்னூட்டத்தைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒருத்தன், கடைசில அந்த அழுகை சீன்ல என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க என்று எழுதியிருந்தான். போதும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கடைசி எபிசோடு. நண்டு செத்துப்போகும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை, நண்டுக்குக் கல்யாணம். இசாமு அண்ணன் கடலுக்கடியில் என்றைக்கோ இறந்துபோய்விட்டான், அவன் தேடிய நெருப்பு அவன் தொப்பிக்குள்ளேயே இருந்ததாம். இதற்கா இத்தனை எபிசோடு. தொப்பியைப் பார்த்ததும் ஊகிக்க வேண்டாமா, நண்டுக்கும் தொப்பி மாட்டும்போதே எனக்கு ஒரு சந்தேகம். நவோ அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டு மணலில் மேலே நடந்து வருகிறான். கரையில் அண்ணனுக்காக ஊர்க்காரர்கள் அடுக்கிய கல். நவோ முட்டி போட்டு உட்கார்கிறான். இதுதான் இடம். நான் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டேன், ஒரு நொடியில் நிறுத்திவிடலாம், இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம். நிறுத்தவில்லை. நவோவின் உதடு நடுங்கியது. கண்ணில் தண்ணீர் திரண்டது, ஜப்பான்காரன் நன்றாய் வரைகிற தண்ணீர். வாய் அகலமாய்த் திறந்தது.

சத்தம் வரவில்லை.

முதலில் டிவியைச் சந்தேகப்பட்டேன். சத்தத்தைக் கூட்டினேன், அலை கூடியது. இன்னும் கூட்டினேன், காற்று கூடியது, தூரத்தில் ஒரு கடற்பறவை கத்தியது. இந்த ஃபேன் வேறு. நவோ தோள் குலுங்கக் குலுங்க அழுகிறான், அண்ணாந்து அழுகிறான், தரையில் குப்புற விழுந்து அழுகிறான், மணலில் அவன் கை உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது, குரல் மட்டும் இல்லை. ஒரு விக்கல்கூட இல்லை. பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். ஏற்றியவன் கெடுத்திருப்பானோ என்று நினைத்தால், அந்த இடத்துக்கு முந்தின வசனமும் இருக்கிறது, பிந்தின வசனமும் இருக்கிறது, அழுகை மட்டும் இல்லை. போனை எடுத்து மிச்சப் பின்னூட்டங்களைப் படித்தேன். வாய் அழுவுது சத்தத்தக் காணோம் என்று ஒருத்தன். தூங்கிட்டே டப்பிங் பண்ணியிருக்காங்க என்று ஒருத்தன். சின்ன வயசிலிருந்து இந்தக் காட்சிக்காகக் காத்திருந்தேன், ஏமாத்திட்டாங்க என்று ஒருத்தன். இவ்வளவு பெரிய மிஸ்ஸை நான் என் பிழைப்பிலேயே பார்த்ததில்லை. பரசுராமன் சார் ஸ்டுடியோவிலிருந்து இது வெளியே போக முடியாது, யாரோ வேண்டுமென்றே விட்டால் தவிர. ஏன் விட வேண்டும். சோம்பேறித்தனமா. என்மேல் ஏதாவது கோபமா. என் பையனை அவமானப்படுத்தவா. எனக்குத் தெரிந்த எல்லாச் சந்தேகத்தையும் வரிசையாய்ப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. ஃபிலோவுக்குப் போன் பண்ணினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் ஒப்பிக்கிற சத்தம், பிறகு கதவு சாத்துகிற சத்தம். ஒரு நர்சரி ஸ்கூலில் இருப்பதாகச் சொன்னாள். நான் நலம் விசாரிக்கவில்லை.

"அழற இடம் மிஸ்," என்றேன்.

"ஆமா. பாத்துட்டியா."

"ஏன்?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அந்தக் காட்சிக்கு வந்தபோது சார் அவளை அழ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். என்னுடையதை எடுத்து ஹெட்போனில் போட்டுக் காட்டியிருக்கிறார், லிப் அசைவுக்கு அச்சாய் உட்காருது பாரும்மா, இதைவிட நீ என்ன அழுதுடப் போறே என்று. ஃபிலோ முடியாது என்றாளாம். அவர் சிரித்துவிட்டு டீ வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். இவள் உள்ளே போய் அதைத் தேடி அழித்திருக்கிறாள், வேறெங்கும் நகல் இருக்கிறதா என்று பார்த்து அதையும் அழித்திருக்கிறாள். திரும்பி வந்தவர், சரி, அப்ப நீயே அழு என்று ஏசியை நிறுத்தினார். விடியும்போது சேனலுக்குக் கொடுத்தாக வேண்டும்.

"நின்னேன் மங்கை. வாயத் தொறந்தா ஒண்ணும் வரல. அந்த எடத்துல உன் சத்தந்தான் காதுல நிக்குது, அதுமேல நான் என்னத்த அழறது. அப்படியே போயிடுச்சு."

அதற்கப்புறம் சார் அவளைக் கூப்பிடவில்லை. மிஸ் போட்ட ஆர்ட்டிஸ்ட் என்று பேராகிவிட்டது, வேறு யாரும் கூப்பிடவில்லை. பீல்டு முழுக்கப் பேசிய பேச்சு அதுதான். நான் அவள் கொடிகட்டிப் பறக்கிறாள் என்று நினைத்து இத்தனை வருஷம் டப்பிங் சீரியல் எதையும் பார்க்காமல் இருந்தேன்.

"நெசமா அழிச்சியா?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, என் புத்தி அப்படி.

"மாதா மேல சத்தியமா. கேக் கொண்டாந்தப்பவே சொல்ல வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம்தான் நீ இருந்தே, எனக்குத் தெரியும். நீ மூச்சப் பிடிச்சா எனக்குக் கேக்கும்."

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, முறுக்கு வாசனையோடு. டிவியில் நவோ நிறுத்தி வைத்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து கிடந்தான், எத்தனை வருஷமாய் இப்படிக் கிடக்கிறானோ. அன்றைக்கு வந்த அழுகைதான் நான் கடைசியாய் அழுதது. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டிலும் அழவில்லை. அது அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை யாரோ வைத்திருக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். இப்போது யாரிடமும் அது இல்லையாம்.

"வீட்ல யார் இருக்கா?" என்றாள் ஃபிலோ.

"யாரும் இல்ல."

"எனக்கு அடுத்த பீரியடு இல்ல. போனை வெக்காத."

போனை ஸ்பீக்கரில் போட்டு, மடித்த துணிகளின் மேல் வைத்தேன். நவோ தொப்பியோடு மணலில் ஏறி வருகிற இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினேன். அந்தப் பக்கம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.